வெள்ளம் வடிந்தபின் மறுபடியும் மறுபடியும் போய்க் கேட்பது: ஒரு ஆய்வு மாணவருக்குப் பதில்

கேள்வி இதுதான். சென்னையில் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இருபது குடும்பங்களை ஒன்றரை வருடம் தொடர்ந்து பார்க்க நினைக்கிறார். எத்தனை முறை பேட்டி எடுப்பது, டைரி எழுதச் சொன்னால் எழுதுவார்களா, பாதியில் விலகிப் போகிறவர்களை என்ன செய்வது, குவிகிற பேச்சையெல்லாம் கடைசியில் எப்படி ஆராய்வது என்று கேட்கிறார். கூடவே, "ஒரே தடவை நாற்பது பேரைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள் என்று துறையில் சொல்கிறார்கள், அது போதாதா?" என்றும் கேட்கிறார்.

போதாது. அதாவது, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் போதும். ஆனால் உங்கள் தலைப்பே "மீண்டு வருதல்" என்று இருக்கிறது. மீண்டு வருவது மாதக்கணக்கில் நடக்கிற காரியம், ஒருநாள் பேச்சில் அது அகப்படாது. ஒருமுறை மட்டும் போனால், அவர்கள் அன்றைக்கு எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்கிற கதைதான் உங்களுக்குக் கிடைக்கும். அது பொய்யில்லை, ஆனால் அது அன்றைய கதை.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் "இந்தச் செய்தியை எங்கே இருந்தபோது, யார் மூலமாகக் கேட்டீர்கள்" என்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, கால்வாசிப் பேருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனாலும் பலர் தங்கள் புது நினைவில் உறுதியாக இருந்தார்கள், பழைய கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. டிவியில் பார்த்த ஒரு செய்திக்கே இந்தக் கதி என்றால், இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவரின் நினைவு ஒன்றரை வருடத்தில் எவ்வளவு உருமாறும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2015 வெள்ளமும் 2023 வெள்ளமும் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடும். மீனவர்கள் படகோடு வந்து காப்பாற்றியது, ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி 6,000 ரூபாய் வாங்கியது, மொட்டை மாடியில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்தது, எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். எது எந்த வருடம் என்று அவர்களுக்கே சில சமயம் தெரியாது.

மனிதர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கதை மாறுகிறது என்பதுதான் உங்கள் ஆய்வுப் பொருளே. முதல் சில வாரங்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் பேச்சாக இருக்கும். கொஞ்சம் கழித்து நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விட்டுப்போனது என்ற பேச்சு மேலே வரும். ஒரு வருடம் போனால் அடகு வைத்த நகை, குழு லோன் டியூ, மகனின் படிப்பு என்று பேச்சு முழுக்கக் கடன் பக்கம் திரும்பியிருக்கும், தண்ணீரைப் பற்றி நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். இந்த நகர்வு எல்லா வீட்டிலும் இதே வரிசையில் வராது. எந்த வீட்டில் எப்போது, ஏன் நகர்ந்தது என்பதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 2007 ஜூனில் பெரிய வெள்ளம் வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு அங்கே 44 பேரிடம் பதினெட்டு மாதம் வாராவாரம் டைரி எழுத வைத்தது. தண்ணீர் வந்த நாளைவிட, அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் பலரை உடைத்தன என்று அதில் தெரிந்தது: காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறி, சொன்ன தேதிக்கு வராத ஒப்பந்தக்காரர்கள், எப்போது முடியும் என்றே தெரியாத ரிப்பேர் வேலை. ஒரே ஒரு பேட்டியோடு நிறுத்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. நம் ஊரில் காப்பீட்டின் இடத்தில் வேறு விஷயங்கள் இருக்கும், அவை என்ன என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலையில் பாதி. வாடகை வீட்டில் சுவர் பூசுகிற செலவு யார் தலையில் விழுந்தது? சம்ப்புக்குள் சாக்கடை கலந்தபின் எத்தனை மாதம் கேன் தண்ணீர் வாங்கினார்கள்? நனைந்துபோன பள்ளிச் சான்றிதழுக்கு நகல் வாங்க யார் வேலைக்கு லீவு போட்டு அலைந்தார்கள்? இதையெல்லாம் கேளுங்கள்.

சரி, எத்தனை முறை? முக்கியமான பேட்டி குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு. இரண்டு முறை போனால் வித்தியாசம் தெரியும், ஆனால் அது போகிற திசையா, தற்காலிக ஏற்ற இறக்கமா என்று சொல்ல முடியாது. இடைவெளியைச் சரிசமமாக மூன்று மாதம், ஆறு மாதம் என்று பிரிக்காதீர்கள். இந்த ஊரின் வருடம் அப்படி ஓடுவதில்லை. பள்ளி திறக்கிற ஜூன், ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம், வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று குடும்பத்துக்குச் சுமை ஏறுகிற நேரங்களைப் பார்த்துத் தேதி வையுங்கள். நீங்கள் ஆரம்பிக்கும்போதே வெள்ளம் வந்து காலம் போய்விட்டது, அதனால் "முந்தைய நிலை" என்று ஒன்று உங்கள் கையில் கிடைக்கப்போவதில்லை, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். அதற்குப் பதிலாக அடுத்த மழைக்காலத்தை முழுமையாகப் பிடித்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கும். முந்தைய வருடத்தின் அனுபவம் அங்கே நடத்தையாக வந்து நின்றது, யாரும் அதைப் பேட்டியில் சொல்லத் தேவையிருக்கவில்லை. கார் இல்லாத வீட்டில் அந்த இரவு என்ன செய்தார்கள்? ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினார்களா, பெரியவர்களை முன்கூட்டியே உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்களா, ரேஷன் கார்டும் ஆதாரும் எந்தப் பையில் இருந்தன? எச்சரிக்கை வந்த அன்றே ஒரு சின்ன போன் அழைப்பில் இதைக் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் "ஒண்ணும் பெருசா இல்லீங்க, சமாளிச்சிட்டோம்" என்று முடிந்துவிடும்.

எண்ணிக்கை பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். இருபது குடும்பம், நான்கு சுற்று என்றால் எண்பது பேட்டி. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், கூட்டுக் குடும்பத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் கூடும். ஆக 400 மணி நேரத்துக்கு மேல் எழுத்தாக்கம் மட்டுமே. தனி ஆளாக இதைச் செய்துகொண்டே அடுத்த சுற்றுக்கும் தயாராக முடியாது, தயாராகாமல் போகிற இரண்டாம் சுற்று முதல் சுற்றின் மறுஒளிபரப்பாகத்தான் இருக்கும். பன்னிரண்டு குடும்பங்களாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டும் ஒரே தெருவில், ஒரே மாதிரி இருக்க வேண்டாம். சொந்த வீடு, வாடகை, தரைத்தளம், மாடி, தனியாக இருக்கும் வயதானவர், கைக்குழந்தை உள்ள வீடு, வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்று வேறுபாடு தெரிகிற மாதிரி எடுங்கள். சதவீதக் கணக்கு சொல்ல இந்த ஆய்வு உதவாது, அதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு நெருக்கடி எந்த வழியாகக் கடனாக மாறுகிறது, எந்த வழியாகப் பயமாக உறைகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

டைரி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1937-ல் ஆரம்பித்த மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்புக்காகச் சாதாரண மக்கள் எழுதிய டைரிகள் இரண்டாம் உலகப்போர் காலத்து அன்றாட வாழ்க்கைக்கு இன்றும் சாட்சியாக இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு நோட்டும் பேனாவும் கொடுக்கலாம் என்று தோன்றும். வீட்டுவேலை, கட்டட வேலை முடித்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிற அக்காவிடம் நோட்டைக் கொடுத்தால், அது அப்படியே வெற்றாகத் திரும்பும், அல்லது பத்தாவது படிக்கும் மகள் அம்மாவுக்காக உட்கார்ந்து நல்ல தமிழில் கட்டுரை எழுதித் தருவாள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் கேளுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது பேசி அனுப்பிவிடலாம், அவர்கள் பேசுகிற தமிழிலேயே வரும், பெருமூச்சும் சேர்ந்து வரும். ஆனால் அந்த போன் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். வீட்டில் ஒரே போன், அது கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது என்றால், அந்தப் பெண் அதில் கடனைப் பற்றியும் குடியைப் பற்றியும் பேச மாட்டார், பேசினால் அவருக்குத்தான் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு வாய்ஸ் நோட்டை விட்டுவிட்டு நேரில் பேசும் இடத்தையும் நேரத்தையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அதை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள்.

வாரத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் சின்னதாக. "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் "நல்லாருக்கோம் தம்பி" என்று வரும், அதோடு முடிந்தது. "இந்த வாரம் எதிர்பார்க்காத செலவு என்ன வந்தது?", "யார்கிட்டயாவது உதவி கேட்டீங்களா, யார்கிட்ட கேட்க வேண்டாம்னு விட்டீங்க?", "ராத்திரி மழைச் சத்தம் கேட்டு முழிச்சீங்களா?" என்று கேளுங்கள். உணர்ச்சி அந்தப் பதிலுக்குள்ளேயே வந்துவிடும். பேசப் பிடிக்காதவர்களுக்குப் போட்டோ நன்றாக வேலை செய்யும். 1990-களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாநிலத்துக் கிராமப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்துத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்க வைத்து, அந்தப் படங்களை வைத்துப் பேசினார்கள். அதே முறைதான். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து மறைத்தார்களா, அப்படியே விட்டார்களா, முன்னால் பீரோவை நகர்த்தி வைத்தார்களா என்று பார்த்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்கலாம்.

சென்னையில் இந்த வகை ஆய்வு செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. "வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின்" என்று காலத்தை இரண்டாக வெட்டுவதுதான் அது. இங்கே நெருக்கடி தனித்தனியாக வருவதில்லை. 2015 வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, 2020 ஊரடங்கு, 2023 மிக்ஜாம். கடற்கரைக் குப்பங்களில் இதற்கெல்லாம் முன்னால் 2004 சுனாமி இருக்கிறது. 2015-க்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட ஒரு குடும்பத்துக்கு, வெள்ளத்தைவிட அந்த இடமாற்றம் பெரிய நெருக்கடியாக இருந்திருக்கலாம், அதற்குப் பின்னால் வந்த ஊரடங்கு, தூரத்தில் போன வேலையையும் மொத்தமாக நிறுத்தியிருக்கலாம். அதனால் முதல் சந்திப்பிலேயே ஒரு சார்ட் பேப்பரை விரித்து அவர்களுடைய காலக்கோட்டை அவர்களையே போடச் சொல்லுங்கள். அவர்கள் வருடத்தைச் சொல்ல மாட்டார்கள், "பெரியவளுக்குக் கல்யாணம் ஆன வருஷம்", "ஆட்டோவ வித்தப்போ" என்றுதான் சொல்வார்கள். அந்த அடையாளங்களை அப்படியே வைத்துக்கொண்டு, வெள்ளங்களை அதற்குள் பொருத்துங்கள். உங்கள் ஆய்வுக்கு மையமான மிக்ஜாம் சில காலக்கோட்டில் ஒரு சின்னப் புள்ளியாகக்கூட இருக்காது. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், மறைக்காதீர்கள்.

வீட்டில் ஒருவரை மட்டும் பேட்டி எடுத்துவிட்டுக் குடும்பத்தின் கதை என்று எழுதவும் வேண்டாம். அமெரிக்க சமூகவியலாளர் க்ளென் எல்டர் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த குழந்தைகளின் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்தார். 1920-21-ல் பிறந்தவர்கள் அப்போது வீட்டுக்கு உதவுகிற வயதில் இருந்தார்கள். 1928-29-ல் பிறந்தவர்கள், முக்கியமாக ஆண் குழந்தைகள், சின்ன வயதில் அதே கஷ்டத்தில் மாட்டிக்கொண்டு அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஒரே நெருக்கடி, வயது வேறு, விளைவும் வேறு. உங்கள் பன்னிரண்டு வீடுகளிலும் முடிந்தவரை இரண்டு தலைமுறையோடு, தனித்தனியாகப் பேசுங்கள்.

பாதியில் விலகுகிறவர்கள் இருப்பார்கள். வாடகை வீடு மாறும், சிம் மாறும், ஊருக்கே திரும்பிப் போய்விடுவார்கள். முதல் நாளே அவர்கள் அனுமதியோடு இன்னொரு ஆளின் எண்ணை, தங்கையோ பக்கத்து வீட்டுக்காரரோ, வாங்கி வையுங்கள். விலகிப் போனவர்கள் பல சமயம் அதிகம் அடிபட்டவர்கள், அதனால் "மூன்று குடும்பம் கிடைக்கவில்லை" என்று அடிக்குறிப்பில் தள்ளாமல், கடைசியாகப் பேசியபோது அவர்கள் நிலை என்ன, எதனால் போயிருக்கலாம் என்பதை ஆய்வுக்குள்ளேயே எழுதுங்கள். வர விருப்பமில்லை என்று சொன்னவரை மட்டும் திரும்ப அழைக்காதீர்கள்.

இப்போது நெறிமுறை. இதைப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற சடங்காக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆய்வுக்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். ஆனால் ஒப்புதல் ஒருமுறை வாங்கி முடிகிற விஷயம் கிடையாது, ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் முதல் தடவை சம்மதித்தபோது அடுத்தடுத்து என்ன கேட்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. நோட்டோடு ஒருவர் வந்தாலே கார்ப்பரேஷன் கணக்கெடுப்பு என்று நினைப்பார்கள். "பேர் எழுதிக்கிட்டுப் போறீங்களே, பணம் எப்ப வரும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். என்னால் நிவாரணம் வாங்கித் தர முடியாது, நான் அரசாங்க ஆள் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள், அடுத்த தடவையும் சொல்லுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக் கொடுப்பதில் தப்பே இல்லை. அப்படிச் சொன்னதையும் குறிப்பில் எழுதிவையுங்கள், உங்கள் தலையீடும் அந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு பகுதியாகிவிட்டது.

அழுகை வரும். ரெக்கார்டரை நிறுத்துங்கள், பேட்டியை விடுங்கள், கூட உட்காருங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி யாராவது பேசினால் உங்கள் வழிகாட்டியிடம் அன்றே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸ், தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண், இவற்றை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். அடையாளம் மறைப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பேட்டியில் பெயரை மாற்றினால் போதும் என்று தோன்றும், ஆனால் ஒன்றரை வருட விவரம் சேரும்போது, "ஆட்டோவை விற்றவர், இரட்டைக் குழந்தைகள், கோயில் பக்கத்துச் சந்து" என்றாலே அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தேவையில்லாத விவரத்தை எடுத்துவிடுங்கள், தெருப் பெயர் வேண்டவே வேண்டாம். எப்போது இந்த ஆய்வு முடியும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்றரை வருடம் வாராவாரம் விசாரித்த ஒருவர் திடீரென்று நின்றுபோவது தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குச் சின்ன இழப்பில்லை.

ஆராய்வதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம் பெரிய அட்டவணை ஒன்று: கிடைவரிசையில் குடும்பங்கள், நெடுவரிசையில் சுற்றுகள். குறுக்கே படித்தால் ஒரு வீடு எப்படி நகர்ந்தது என்று தெரியும், மேலிருந்து கீழே படித்தால் ஒரே காலத்தில் பன்னிரண்டு வீடுகள் எப்படி இருந்தன என்று தெரியும். இரண்டு வாசிப்பும் வேண்டும், பெரும்பாலானோர் கீழ்நோக்கி மட்டும் படித்துவிட்டுக் கருப்பொருள் பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள், அதற்கு ஒன்றரை வருடம் அலைந்திருக்கவே வேண்டாம். எது கூடியது, எது நின்றது, போன தடவை பெரிதாக இருந்த எது இந்தத் தடவை பேச்சிலேயே இல்லை என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். காணாமல் போன பேச்சை மென்பொருள் கண்டுபிடித்துத் தராது. தமிழில் எழுத்தாக்கி, தமிழிலேயே குறியிடுங்கள் (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று சின்னப் பெயர் வைப்பது), ஆங்கிலம் கடைசியில் மேற்கோள்களுக்கு மட்டும் போதும்.

ஒரு விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு: பழைய பேச்சை அவர்களிடமே திரும்பக் காட்டலாமா? காட்டலாம் என்பதே என் எண்ணம், ஆனால் கடைசிச் சுற்றில், அவர் தனியாக இருக்கும்போது, அவர் கேட்க விரும்பினால் மட்டும். "அப்போ வேற மாதிரி சொன்னீங்களே" என்று ஆரம்பித்தால் பொய்யைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். "போன மழைக்கு அப்புறம் நாம பேசினது ஒண்ணு இருக்கு, இப்ப கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள்.

துறையில் நாற்பது பேர் என்று சொன்னவர்களிடம் எழுபது பக்க விளக்கம் கொடுக்காதீர்கள். இந்த மாதமே இரண்டு குடும்பங்களில் முன்னோட்டம் செய்யுங்கள்: காலக்கோடு ஒன்று, ஒரு பேட்டி, நான்கு வார வாய்ஸ் நோட், மறுபடி ஒரு பேட்டி. இரண்டு பேட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, நடுவில் மாறிய இடங்களை மட்டும் கோடிட்டு எடுத்துக்கொண்டு போய் உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.